கேளுங்க பதில் சொல்றோம்: அம்மா ஏன் புது போன அலுமாரில பூட்டி வச்சாங்க?

கேள்வி (மஸ்கெலியா வாசகி): எங்க அம்மாவுக்கு 61 வயசு. கொழும்புல வேலை செய்யிற தம்பி நல்ல டச் போன் ஒண்ணு வாங்கி அனுப்பினான், அத அலுமாரில வச்சு பூட்டிட்டு பழைய பட்டன் போனயே இடுப்புல சொருகிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போறாங்க. படிக்காதவங்கங்கிறதால பயப்படுறாங்களா?

பதில்: அம்மாவ கொஞ்சம் குறைச்சு எடை போடுறீங்க தங்கச்சி. அவங்க பக்கத்துல நின்னு பாருங்க. காலையில பனி, பகல்ல மழை, கை எப்பவும் ஈரம், ஈரக் கையால டச் போன தொட்டா அது ஒரு பக்கம் போகும் நம்ம விரல் ஒரு பக்கம் போகும். பட்டன் போன் ஒருக்கா சார்ஜ் போட்டா ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும், கீழ விழுந்தா துடைச்சு இடுப்புல சொருகிக்கலாம். 2024 செப்டம்பர்ல வந்த வர்த்தமானிப்படி தோட்டத்துல நாள் சம்பளம் 1,350 ரூபாயா இருந்துச்சு, 30,000 ரூபா போன்னா அந்தக் கணக்குல 22 பேருக்கு மேல (ஒரு பேர்னா ஒரு நாள் வேலை), கொழுந்து குறைஞ்ச மாசத்துல அத்தன பேர் கிடைக்கிறதே கஷ்டம். மகன் வாங்கித் தந்தாலும் அம்மா மனசுல அது அந்த வெலதான், உடைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு ஒரு யோசனை. அலுமாரில இருந்தா உடையாது பாருங்க.

1989ல ஃப்ரெட் டேவிஸ்னு ஒருத்தர் எழுதின ஆய்வுல, புது தொழில்நுட்பத்த ஒருத்தர் ஏத்துக்கிறதுக்கு ரெண்டு விஷயத்த முன்னால வச்சாரு: இதால எனக்கு பிரயோசனம் இருக்கா, பாவிக்க லேசா. உங்க அம்மா ரெண்டுக்கும் "இல்ல"ன்னு பதில் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான். அதனால செட்டிங்ஸ், ஆப்னு பாடம் நடத்தாதீங்க, ஞாயித்துக்கிழமை உங்க போன்ல தம்பிக்கு வீடியோ கால் எடுத்து பேரப்பிள்ளைய காட்டுங்க. அடுத்த வாரம் அவங்களே கேப்பாங்க. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் அமத்திப் பிடிச்சு பேசுற விதத்த மட்டும் சொல்லிக் குடுங்க, எழுத்து தெரியத் தேவையில்ல. இன்னொண்ணு முக்கியம், டேட்டா பேக்கேஜ் முடிஞ்சதும் போன்ல டேட்டாவ ஆஃப் பண்ணி வைங்க, போட்ட ரீலோட் தெரியாம கரைஞ்சு போச்சுன்னா அந்த போன் திரும்ப அலுமாரிக்குத்தான் போகும். மலைக்கு பட்டன் போன், வீட்டுல டச் போன், ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே.

கேள்வி (நுவரெலியா, பல்கலைக்கழக மாணவன்): புது தொலைத்தொடர்பு தொழில்நுட்பத்த மக்கள் ஏத்துக்கிறதுல என்னென்ன காரணிகள் செல்வாக்கு செலுத்துதுன்னு ஒரு ஆய்வு எழுதணும். தோட்டத்துல கேள்விக்கொத்து குடுக்கலாம்னு இருக்கேன், எங்க தொடங்குறது?

பதில்: எவரட் ரோஜர்ஸ்ங்கிற ஆய்வாளர்கிட்ட இருந்து தொடங்குங்க தம்பி. 1962ல அவரு புதுசா வர்ற ஒரு பொருளுக்கு அஞ்சு குணம் பாத்தாரு: பழசவிட நன்மை கூடவா, நம்ம வாழ்க்கைக்கு ஒத்துப் போகுதா, சிக்கலா இருக்கா, கொஞ்சமா பாவிச்சுப் பாக்க ஏலுமா, மத்தவன் பாவிக்கிறது கண்ணுல படுதா. அப்புறம் 2003ல வெங்கடேஷ்ங்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதினதுல, மேல சொன்ன டேவிஸோட பிரயோசனம், லேசு இதோட சுத்தி இருக்கிறவங்க செல்வாக்கு, துணை வசதிகள்னு இன்னும் ரெண்டு சேரும். உங்க சேர் எதிர்பாக்குறது இதத்தான், எழுதிக் குடுங்க, மார்க் கிடைக்கும்.

ஆனா என்னோட அபிப்பிராயம், போன் விஷயத்துல இந்த எல்லாத்தையும் முந்துறது அந்தப் பக்கம் யாரு இருக்காங்கங்கிறதுதான். மிக்ஸி வாங்கினா நான் ஒருத்தன் பாவிச்சாலே சம்பல் அரையும், போன் அப்படி இல்ல, அந்தப் பக்கமும் ஒரு ஆள் வேணும். அமெரிக்காவுல ஏடி அண்ட் டி கம்பெனி 1964 நியூயார்க் கண்காட்சியில படம் தெரியிற போன காட்டி எல்லாரையும் வாயப் பொளக்க வச்சது, 1970ல பிட்ஸ்பர்க் நகரத்துல விக்கவும் தொடங்கிச்சு, மாசம் 160 டொலர், வாங்கினவனுக்கு வீடியோல பேச ஆள் கிடைக்கல, அதோட கதை முடிஞ்சுது. எஸ்எம்எஸ் முதல் மெசேஜ் 1992ல போச்சு, பிரித்தானியாவுல வேற கம்பெனி நம்பருக்கும் அனுப்பலாம்னு ஆனது 1999ல, அதுக்கப்புறம்தான் அது காட்டுத்தீயா பரவிச்சு. தொழில்நுட்பம் அதேதான், ஆனா அந்தப் பக்கம் திறந்துச்சு. கொழும்புல இருக்கிற லேர்ன்ஏசியா நிறுவனமும் ஆசிய நாடுகள்ல வருமானம் குறைஞ்சவங்க எப்படி போன் பாவிக்கிறாங்கன்னு ஆய்வு செஞ்சிருக்கு, நெருங்கினவங்ககிட்ட போன் இருக்கிறது ஒருத்தர் போன் வாங்குறதுல பெரிய பங்கு வகிக்குதுன்னு அதுல வந்துச்சு. அதையும் தேடிப் படிங்க.

அதனால கேள்விக்கொத்துல "இது பிரயோசனமா, 1 முதல் 5 வரை மார்க் போடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, நம்ம ஆளுங்க வந்த பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் 5 போட்டுட்டு தேத்தண்ணியும் குடுத்து அனுப்புவாங்க. கடைசியா பேசின ஆளு யாரு, எங்க இருக்காரு, போன்ல கோளாறுன்னா யார்கிட்ட கொண்டு போவீங்க, சிக்னல் எந்த இடத்துல கிடைக்கும்னு கேளுங்க. அந்தக் கடைசிக் கேள்விய விட்டுறாதீங்க. கொவிட் காலத்துல ஸ்கூல் பாடம் போன்லன்னு ஆனப்போ பிள்ளைங்க சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினாங்களே, அவங்களப் போய் ஆர்வம் இல்லாதவங்கன்னு சொல்ல முடியுமா? ஆர்வம் இருந்துச்சு, டவர்தான் இல்ல.

கேள்வி (ஹட்டன்): போன் கடையில 5ஜி போன் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: இருக்கிற போன் உடைஞ்சிருந்தா வாங்குங்க, 5ஜிக்காக மட்டும் வேணாம். 5ஜிக்கு பரவலா பாவிக்கிற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனா தூரம் போகாது, மலைய சுத்தி வளைஞ்சு வர்றதும் கஷ்டம். 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைதான் நம்ம பக்கத்துக்கு தோதானது. உங்க வீட்டு முத்தத்துல 5ஜி போன் வச்சிருக்கிற யாரையாவது நிக்க வச்சு சிக்னல் பாருங்க, அதுக்குப் பிறகு சல்லிய எடுங்க. வாங்குற போன்ல வோல்ட்டி (4ஜி வழியாவே கால் பேசுற வசதி) வேலை செய்யுமான்னும் கேளுங்க, அது இல்லாட்டி 4ஜி சிக்னல் இருந்தாலும் கால் எடுக்கும்போது போன் பழைய 2ஜி, 3ஜிக்கு இறங்கும், பல நாட்டுல 3ஜிய மூடிட்டு வர்றாங்க.

கேள்வி (தலவாக்கலை): செயற்கைக்கோள் வழியா இன்டர்நெட் தர்ற ஸ்டார்லிங்க் வந்துருச்சே, எங்க லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் சேந்து ஒண்ணு போடலாமா?

பதில்: 2025 ஜூலையில இருந்து இலங்கையில கிடைக்குது, டவர் இல்லாத இடத்துக்கு நல்ல வழிதான். இதே மாதிரி வானத்துல இருந்து பேசலாம்னு 1998ல இரிடியம்னு ஒரு செயற்கைக்கோள் போன் சேவை வந்துச்சு, 66 செயற்கைக்கோள், போன் வெல 3,000 டொலர் அளவுல, வீட்டுக்குள்ள நின்னா சரியா வேலை செய்யாது, மறு வருஷமே வங்குரோத்து. இப்ப வெல எவ்வளவோ பரவாயில்ல, இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு பாரம். லயத்துல பத்து காம்பரா குடும்பங்க சேந்தா தாங்கலாம், ஆனா மாசாமாசம் யாரு சல்லி சேக்குறது, குடுக்காதவங்கள என்ன செய்யிறதுன்னு முதல்லயே பேசி முடிச்சுக்கங்க, இணைப்ப பங்கு போட அவங்க நிபந்தனை விடுதான்னும் பாத்துக்கங்க. டிஷ்ஷுக்கு வானம் திறந்து தெரியணும், பக்கத்துல சவுக்கு மரம் நின்னா வெட்டி வெட்டி வரும். லயத்துக் கூரை உங்க பேர்ல இல்லாட்டி அதுல எத பூட்டுறதுக்கும் முன்னால தோட்டத்து ஆபீஸ்ல கடிதமா கேட்டு, பதிலையும் கடிதமாவே வாங்கி வச்சுக்கங்க.