பேண்ட்சா வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கீழக்கரை): வீட்டுப் பட்டறைக்கு நல்ல பேண்ட்சா (சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டைப் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: எந்த மரம், எவ்வளவு கனம், என்ன பொருள் செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? மூன்றையும் எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

கேள்வி (மண்டபம்): 9 அங்குல இயந்திரம் 9 அங்குலக் கட்டையை அறுக்குமா?

பதில்: அறுக்காது. அந்த 9 அங்குலம் பிளேடை ஓட்டும் சக்கரத்தின் விட்டத்தைக் குறிக்கிறது. பிளேடுக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதைவிடச் சற்றுக் குறையும். மேசைக்கு மேலே கிடைக்கும் உயரமோ பெரும்பாலும் 3 முதல் 4 அங்குலம்தான். பொம்மை, கரண்டி, படச்சட்டம் செய்பவருக்கு இது போதும். அகலமான பலகையை நிறுத்தி வைத்து இரண்டாகப் பிளக்க விரும்புபவர், 6 அங்குலம் வரை அறுக்கும் 14 அங்குல இயந்திரத்தைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி (பாம்பன்): பழைய வத்தையிலிருந்து (மரப்படகு) பிரித்த பலகைகளைப் பிளக்கும்போது வெட்டு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. பலகை 3 அங்குல அகலம், இயந்திரம் 9 அங்குலம். அதைத் தள்ளிவிட்டுப் பெரியதாக வாங்கலாமா?

பதில்: இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அன்று, இயந்திரத்தோடு வரும் பிளேடையே கடைசி வரை மாற்றாமல் ஓட்டிவிட்டு இயந்திரத்தைப் பழிக்கும் வழக்கத்தின் மேல். வெட்டு ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கத்துப் பற்கள் கூராகவும் மறுபக்கத்துப் பற்கள் மழுங்கியும் இருக்கின்றன என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய வத்தைப் பலகையில் அப்படி மழுங்குவதற்கு ஒரே ஓர் ஆணித்துண்டு போதும். ஆகவே அறுப்பதற்கு முன் காந்தத்தைப் பலகை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். செம்பு ஆணியைக் காந்தம் காட்டாது என்பதால், கறையும் அடைபட்ட துளையும் தெரியும் இடங்களைக் கண்ணாலும் தேடுங்கள். பிறகு பல் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடால் 3 அங்குல உயரத்தைப் பிளந்தால் மரத்தூள் வெளியேற வழியின்றிப் பற்களிடையே அடைத்துக்கொள்ளும்; பிளேடு சூடேறி வளையும். இந்த வேலைக்கு அங்குலத்துக்கு 3 அல்லது 4 பல்லும், அரை அங்குல அகலமும் உள்ள பிளேடு வேண்டும். உங்கள் இயந்திரம் அந்த அகலத்தை இழுத்துப் பிடிக்காது என்றால் அதில் முக்கால் பங்கு, அதாவது 3/8 அங்குலம் போடுங்கள். பிளேடை விலகாமல் பிடிக்கும் மேல் கைடு மரத்துக்கு ஒரு விரற்கிடை மேலே நிற்கட்டும். அவசரமாகத் தள்ளாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் இழுத்தால் மட்டும் புது இயந்திரத்தைப் பற்றிப் பேசுவோம். வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): கடலோர வீட்டுக்கு வார்ப்பிரும்பு மேசையா, அலுமினிய மேசையா?

பதில்: உப்புக்காற்று இரண்டையும் விடாது, இரும்பு துருவேறும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துப் புள்ளி விழும். அதிர்வைத் தாங்குவதில் வார்ப்பிரும்பே மேல். மெழுகு பூசித் துணியால் தேய்த்து விடுங்கள். எண்ணெய் பூசினால் மரத்தில் கறை ஏறும். மேசையை மட்டும் துடைத்துவிட்டுப் பிளேடை மறந்துவிடாதீர்கள்: சில நாள் வேலை இல்லை என்றால் அதைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், மீண்டும் மாட்டும்போது எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கழற்றவில்லை என்றால் இறுக்கத்தையாவது தளர்த்துங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): கையுறை அணிந்து அறுக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (மூக்கையூர்): சீமைக்கருவேலக் கட்டையை உருண்டையாகவே அறுக்கலாமா?

பதில்: உருளும் கட்டையைப் பிளேடு சட்டென்று சுழற்றிக் கையையும் உள்ளே இழுக்கும். பலகைத் துண்டில் ஆப்பு வைத்துத் திருகாணியால் கட்டையை அசையாமல் பிடித்து, அந்தப் பலகையோடு சேர்த்துத் தள்ளுங்கள். இந்த மரம் மிகவும் கடினமானது. கோணல்மாணலாக வளர்வதால் நீளமான பலகையை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (தொண்டி): மாலை நேரத்தில் மோட்டார் முனகுகிறது. 1 குதிரைத்திறன். மோட்டார் கெட்டுவிட்டதா?

பதில்: மின்னழுத்தத்தை அளக்காமலே மோட்டாரைக் குற்றம் சொல்கிறீர்கள். அழுத்தம் குறையும்போது இவ்வகை மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். இது சாதாரணமாகவே ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. மெல்லிய நீட்டிப்புக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் முனகினால் மோட்டாரைக் கழற்றுமுன், அது கிளம்ப உதவும் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். அதுவரை அறுவையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.