ரியாக்டிவ் என்றால் நோயா? ஹெபடைடிஸ் சி கேள்வி-பதில்

எனக்கு ஹெபடைடிஸ் என்று சொல்லிவிட்டார்கள். என்ன சாப்பிடலாம்? – ஏறாவூர்

ஏயா, பியா, சியா? மூன்றும் ஈரலைத் தாக்கும் மூன்று வைரஸ். ரிப்போர்ட்டைப் பார்த்து எழுத்தைச் சொல்லுங்கள், அப்புறம் சாப்பாட்டைப் பேசலாம்.

மகன் கட்டார் போக மெடிக்கல் செய்தார். ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்', 1.4 என்று வந்தது. முகவர் பாஸ்போட்டைத் திருப்பித் தந்துவிட்டார். ஆளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. – காத்தான்குடி

அது பிறபொருளெதிரிச் சோதனை; வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதத்தைத் தேடும். வைரஸ் எப்போதாவது உள்ளே வந்ததா என்பதைத்தான் அது பார்க்கும். வயலில் யானைத் தடம் கிடக்கிறது. யானை இன்னும் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடும். பிறபொருளெதிரி மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இங்கே தடமே சந்தேகம். பெரும்பாலான மெஷின்களில் எல்லை 1. உங்கள் மகன் அதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறார். இவ்வளவு குறைந்த எண் பல நேரம் பொய்யாகிவிடும். நம் நாட்டில் இந்த வைரஸ் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகப் பிடிக்கும் சோதனை என்று வையுங்கள். அந்த ஆயிரத்தில் உண்மையான தொற்று நாலு பேருக்குத்தான் என்றால், ரியாக்டிவ் தாள் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் சுகதேகிகள்.

மெஷினில் எனக்குக் கோபமில்லை. 'ரியாக்டிவ்' என்று அடித்துவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதாமல் ஆளை அனுப்பிவிடுகிறார்களே, அதில்தான் கோபம். முதல் தடவை எடுத்த இரத்தத்திலேயே ஆர்.என்.ஏ.யையும் பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இலேயே சொல்லிவிட்டது. இங்கே ஆள் திரும்பவும் பஸ் ஏறி, திரும்பவும் கையை நீட்டி, ரிசல்ட் வருவதற்குள் ஊர் கதைத்து முடித்துவிடும். கலியாணப் பேச்சு நின்ற வீடுகளும் உண்டு.

லாப் லாப்பாக ஏறி இதே சோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். ஆர்.என்.ஏ. எடுங்கள். வைரஸ் இருந்தாலும் 12 கிழமை மாத்திரையில் நூற்றில் 95 பேருக்குக் குணமாகிறது. கட்டார் விடுமா விடாதா என்பது அந்த நாட்டுச் சட்டம்; ஈரலின் நிலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு டயலிசிஸ் நடக்கிறது. பிறபொருளெதிரி நெகட்டிவ். நிம்மதிதானே? – கல்முனை

அரை நிம்மதி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி மந்தம். வைரஸ் இருந்தும் பிறபொருளெதிரி காட்டாமல் போகலாம். தொடக்கத்தில் ஆர்.என்.ஏ. பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனையும் வேண்டும்.

வைத்தியசாலையில் துப்புரவு வேலை. பாவித்த ஊசி குத்தி ஒரு கிழமை. டெஸ்ட் நெகட்டிவ். – அக்கரைப்பற்று

ஊசி குத்துமுன் உங்களுக்குத் தொற்று இருக்கவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. பிறபொருளெதிரி தெரிய எட்டுப் பத்துக் கிழமை எடுக்கும், ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு கிழமையிலேயே தெரியும். மூன்று முதல் ஆறு கிழமைக்குள் ஆர்.என்.ஏ., நாலு முதல் ஆறு மாதத்துக்குள் பிறபொருளெதிரி; அது பொசிட்டிவ் என்றால் மறுபடி ஆர்.என்.ஏ. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் அவருடைய இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பி தடுப்பூசி போட்டீர்களா? ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

சோதனைகள் முன்னையதைவிடத் திருந்தியிருக்கின்றனவா? – உயர்தர மாணவி, வாழைச்சேனை

நல்ல கேள்வி. 1989 வரை இந்த ஹெபடைடிஸுக்குப் பெயரே 'ஏயுமல்ல, பியுமல்ல'. 1990இல் வந்த முதல் சோதனை வைரஸின் ஒரே ஒரு புரதத்துண்டை வைத்துத் தேடியது. புதிய தொற்றை நாலு மாதம் வரை தவறவிட்டது, இல்லாததையும் பிடித்தது. 1992இல் இரண்டாம் தலைமுறை, பிறகு மூன்றாவது. இப்போது விரல்நுனி இரத்தத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆர்.என்.ஏ. பார்க்கும் கருவி இருக்கிறது; அமெரிக்கா 2024இல் அதற்கு அனுமதி கொடுத்தது. காகிதத்தில் காயவைத்த இரத்தப் பொட்டையும் சோதிக்கலாம், குளிர்ப்பெட்டி தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் தங்கச்சி, எந்தக் கருவி வந்தாலும் முதற்சோதனையோடு நின்றால் பயனில்லை.

கீழ்க்காய்நெல்லி குடித்தால் சி போகுமா? – களுவாஞ்சிகுடி

போகாது. செங்கண்மாரி தெளிவது வேறு, வைரஸ் போவது வேறு.

சி குணமாகிவிட்டது. இரத்ததானம் செய்யலாமா? – அம்பாறை

முடியாது. பிறபொருளெதிரி நிற்கும் வரை இரத்த வங்கியின் சோதனையில் உங்கள் இரத்தம் கழிபட்டுக்கொண்டே இருக்கும்.