கத்திரி வெயிலும் பட்டாலைத் தூக்கமும்

காரைக்குடியில் கிளினிக் நடத்தும் எனக்குச் சித்திரை பிறந்தால் நோயாளிகளும் மாறிவிடுவார்கள், கேள்விகளும் மாறிவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் வெயில் சமாச்சாரம்தான். மே 4 வாக்கில் பிறந்து 28 வரை ஆட்டிவைக்கும் கத்திரி என்பதால், மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 28. மதியம் சாப்பிட்டதும் கண் சொருகுகிறது. அரை மணி நேரம் படுத்தால் முதலாளி முறைக்கிறார். இது சோம்பேறித்தனமா டாக்டர்?

இல்லை தம்பி. இந்தப் பதிலை முதலாளியிடமே படித்துக் காட்டுங்கள்.

வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வேலை செய்யும் தசைக்கும் இரத்தம் வேண்டும். சாப்பிட்டவுடன் குடலும் பங்கு கேட்கும். இருப்பது ஒரே இதயம், அது எத்தனை பேருக்குத்தான் படியளக்கும்? அந்தக் கண் சொருகல், உடம்பு கொடுக்கும் நோட்டீஸ். 20 முதல் 30 நிமிடம் படுத்து எழுந்தால் தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எழுந்த பிறகும் மந்தம், இரவுத் தூக்கமும் போச்சு. நம் ஊர்ப் பெரியவர்கள் மதியம் பட்டாலை என்கிற உள்திண்ணையில் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்ததும் இந்தக் கணக்கில்தான். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லையே!

முடிந்தால் வேலையைக் காலை 6 மணிக்கே தொடங்கி, 12 முதல் 3 வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடரச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கிறதோ இல்லையோ. இடையிடையே உப்புப் போட்ட மோர். நிறைய வேர்த்துக் கால் குரக்களி இழுத்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலந்து குடியுங்கள். அளவு முக்கியம், கைக்கணக்கு வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் பாதி வேலை போதும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

ஒன்றை மட்டும் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். யாராவது வெயிலில் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ மயக்கம்தானே என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கல்லை ஊறவைக்கும் தொட்டித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, யோசிக்காமல் அதை மொண்டு ஊற்றலாம். நினைவு சரியில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

பள்ளத்தூரில் பெரிய வீட்டில் நானும் ஒரு துணைப் பெண்ணும் மட்டும்தான். வயது 71. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நடக்கச் சொன்னார்கள். வெளியே போனால் தலை சுற்றுகிறது. எனக்கு நடப்பதே பிடிக்கவில்லை.

ஆச்சி, பிடிக்காததைச் செய்யச் சொன்னால் யாரும் பத்து நாளைக்கு மேல் செய்ய மாட்டார்கள். அது பிறகு. முதலில் மாத்திரையைப் பார்ப்போம். பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரிய வைப்பவை. வேர்வையிலும் தண்ணீர் போகும் வெயில் காலத்தில் அவற்றால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். படுத்திருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றினால் பெரும்பாலும் இதுதான் சங்கதி. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரிடம் போய், படுத்திருக்கும்போது ஒரு தடவையும் நின்ற பிறகு ஒரு தடவையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணில் படும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். அதைச் சாயங்காலத்துக்குள் குடித்து முடித்துவிட்டால் ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டியதில்லை. இதயம் பலவீனம், கிட்னிக் கோளாறு என்று தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே உங்களுக்குச் சட்டம்.

அப்புறம் நடை. சென்னையில் பணம் கட்டி ஏசி ஜிம்முக்குப் போகிறார்கள். உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே வளவு இருக்கிறது. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் சுற்றுங்கள். துணைப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடங்கள். பேச்சு வருகிற வேகம் சரியான வேகம். பாட்டே வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெதுவாக அங்கே போய்ச் சேரலாம். அதுவும் அலுத்தால் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சாயங்காலம் கும்மி அடியுங்கள். குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, பாட்டும் பாடினால் அதைவிட நல்ல உடற்பயிற்சியை எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. கழுவி விட்ட ஈரத் தரையில் மட்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கல்யாணமாகிக் கோட்டையூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. செட்டிநாட்டுச் சாப்பாடு சூடு, வெயிலுக்கு ஆகாது என்று அம்மா போனில் பயமுறுத்துகிறார். மாமியாரோ காலையில் பழையதுதான் சாப்பிடச் சொல்கிறார்.

உங்கள் அம்மா நினைப்பது ஓட்டல் போர்டில் எழுதியிருக்கும் செட்டிநாடு. மிளகும் எண்ணெயும் மிதக்கும் அந்தச் சிக்கனைத் தினமும் சமைக்கும் வீடு இங்கே எது? வீட்டுச் சமையலில் இளங்குழம்பு இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் சின்ன வெங்காயமும் வெண்டைக்காயும் போட்டு, புளியை அளவாக விட்டுச் செய்யும் மண்டி இருக்கிறது. வெள்ளரிப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி எல்லாம் வெயிலுக்கென்றே வந்தவை போல இருக்கும். காரம் உடம்பைச் சூடாக்குவதில்லை, வேர்க்கத்தான் வைக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொண்டால் சரி.

பழையது விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம் நான். ஆனால் ஒரு நிபந்தனை. ராத்திரிச் சோற்றை மூடி வைத்துவிட்டு, படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவது தவறு. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் ஆவி அடங்கியதும் சோறு முழுக்க மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ராத்திரியில் புளிப்பு ஏற ஏற, கெடுக்கிற கிருமிகளுக்கு அங்கே வளர இடம் குறையும். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுங்கள். கத்திரியில் மதியத்துக்குள் அது அளவுக்கு மீறிப் புளித்துவிடும். மீந்ததை மாட்டுத் தொட்டியில் கொட்டுங்கள், மனசு வராமல் சாயங்காலம் வரை வைத்திருக்காதீர்கள். உப்பு விஷயத்தில் கைகாவல் வேண்டும். மோர் மிளகாய், ஊறுகாய், வடகம் மூன்றும் ஒரே வேளையில் இலைக்கு வந்தால் ஒரு நாள் உப்பு அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குச் சர்க்கரை. நுங்கு, பதநீர், மாம்பழம், கவுனி அரிசி, இதில் எது ஆகும்?

இளநுங்கு இரண்டு மூன்று சாப்பிடலாம். பதநீர் வேண்டாம். அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள், இதற்கு மேல் நான் என்ன சொல்ல? மாம்பழம் இரண்டு கீற்று, சாப்பாட்டுக்கு மேலே அல்ல, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. கவுனி அரிசியின் கறுப்பு நிறத்தில் நல்லது இருக்கிறது. ஆனால் நம் விருந்துகளில் அது சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கோலத்தில் வந்தால் ஒரு ஸ்பூனோடு கையெடுத்துக் கும்பிட்டு விடுங்கள். இளநீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், கிட்னி பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைக் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் பொட்டலில் உச்சி வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடிக்காமல் எப்படி நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் ஆடட்டும். நடுப்பகலுக்குப் பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பரணில்தானே கிடக்கின்றன? நீச்சல் கற்றுக்கொடுப்பதென்றால் பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும். குடிநீர் ஊரணியில் கூடாது, இதை நான் சொல்லவே வேண்டாம்.

புதுவயலில் புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீடு. ராத்திரி 2 மணி வரை தூக்கம் இல்லை. எங்கள் ஐயாவின் பழைய வீட்டில் ஃபேன் இல்லாமலேயே தூங்குவோம்.

ஐயா வீட்டில் சுவர் கனம், கூரை உயரம், மேலே ஓடு. சூடான காற்று முற்றத்து வழியே மேலேறிப் போய்விடும். உங்கள் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி உங்கள் தலைமேல் கக்குகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயில் தாழ்ந்ததும் தளத்தில் தண்ணீர் தெளியுங்கள். காலை 9 மணிக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டு, இருட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெக்கை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். அப்போது ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்வதே மேல். படுக்கும் முன் சாதாரணத் தண்ணீரில் குளித்துவிட்டு, தலையணை மட்டும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்துப் பாருங்கள். ஐயா இன்னும் அந்த வீட்டில் இருக்கிறார் என்றால், கத்திரி முடியும் வரை அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அவருக்கும் பேச்சுத் துணை ஆச்சு.