பால் மறந்த முயல் குட்டிகள் நன்றாக வளர, இயற்கையான ஊட்டத் தீவனமாக என்ன கொடுக்கலாம்?

ஊட்டம் என்றாலே பலர் புரதத்தைத்தான் தேடுகிறார்கள். நான் முயல் வளர்த்துப் பார்த்த வரையில், பால் மறந்த குட்டிக்கு முதலில் வேண்டியது நார்ச்சத்து. வயிறு சரியாக இருந்தால் எடை தானாக ஏறும்.

முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. இலை தழையின் நாரை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள்தான் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அங்கே உருவாகும் மென்மையான புழுக்கையை முயல் உடனே தின்றுவிடும். அருவருக்க வேண்டாம், பி வைட்டமின்கள் அதற்கு அப்படித்தான் கிடைக்கின்றன. அதனால் நல்ல குட்டிக்கு பி காம்ப்ளெக்ஸ் டானிக் தேவையில்லை.

4 முதல் 6 வாரத்தில் பால் மறக்கும். அதையடுத்த சில வாரங்களில்தான் கழிச்சலும் வயிறு உப்புசமும் அதிகம் வரும். எடை கூடட்டும் என்று சோறு, ரொட்டி, மக்காச்சோள மாவு எல்லாம் அள்ளிப் போட்டால், செரிக்காத மாவுச்சத்து அந்தப் பைக்குள் போய்க் கெட்ட கிருமிகளை வளர்க்கும். குட்டி ஓரிரு நாளிலேயே செத்துவிடக்கூடும். எனவே காய்ந்த புல் கூண்டில் எப்போதும் இருக்கட்டும்.

அதற்கு மேல்தான் ஊட்டம். என் முதல் தேர்வு முருங்கை இலை. நிழலில் காயவைத்த இலையில் கால் பங்குக்கு அருகில் புரதம் இருக்கிறது. பொடித்து அடர் தீவனத்தில் (தானியம், புண்ணாக்கு கலந்த தீவனம்) பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். முயல் மசால், வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச் செடிகளை இடம் இருந்தால் வேலியோரம் விதைத்துவிடுங்கள், தினமும் வெட்டிப் போடலாம். பட்டுப்புழு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் மல்பெரி இலை கேட்டு வாங்குங்கள், குட்டிகள் விரும்பித் தின்னும். ஆனால் மருந்து தெளித்த இலையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அகத்தியும் நல்லதுதான்.

முருங்கை, குதிரை மசால் (இதுவும் ஒரு தீவனச் செடி) போன்றவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயல் அதை மிகுதியாக உறிஞ்சி, வேண்டாததைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் வெள்ளையாகக் குழம்பிப் போனால் இந்த இலைகளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். சவுண்டல் (சூபாபுல்) மர இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதிகமானால் முடி கொட்டும், குட்டிகளுக்கு அதை நான் போடுவதே இல்லை.

நீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பெரணியைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். போதாததற்கு அது சாணித் தண்ணீரில் வளர்வது. பலமுறை அலசி, வெயிலில் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுத்தால் பரவாயில்லை. மற்றப் பசுந்தழையையும் அறுத்ததும் ஈரத்தோடு போடாமல் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுங்கள்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும், முயலுக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. பூசண வாடை அடித்தால் மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள். வாடை இல்லாவிட்டாலும் பழைய சரக்கு வேண்டாம்.

எந்தப் புதுத் தழையையும் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருட்கள் வேண்டாம், கழிச்சல் வந்தால் எது காரணம் என்றே தெரியாது. அப்புறம், தண்ணீர் குறைந்தால் முயல் தீவனத்தைத் தொடாது. கோடையில் இதைத்தான் முதலில் பாருங்கள்.

மஞ்சள், வேப்பிலை, பூண்டு கொடுத்தால் ரத்தக் கழிச்சல் நிற்கும் என்று சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். குட்டிகளுக்கு வரும் கழிச்சலுக்கு காக்சிடியா என்ற ஒட்டுண்ணி ஒரு முக்கியக் காரணம். புழுக்கையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.