எம்.பி.பி.எஸ். டாக்டரா, ஃபேமிலி மெடிசின் டாக்டரா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, பி.பி., முழங்கால் வலி மூன்றும் இருக்கின்றன. பல வருஷமாகத் தெருமுனையில் இருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டரிடம்தான் காட்டுகிறோம். இப்போது பக்கத்திலேயே 'டி.என்.பி. (ஃபேமிலி மெடிசின்)' என்ற போர்டுடன் ஒருவர் வந்திருக்கிறார். இருவரும் ஒன்றுதானா? மாறிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பார்க்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான், படிப்பு வேறு. எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். முடித்து மெடிக்கல் கவுன்சிலில் பதிந்துகொண்டால் கிளினிக் வைக்கலாம். ஜி.பி. (ஜெனரல் பிராக்டிஷனர், பொது டாக்டர்) என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான். டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் மேல்படிப்புப் பட்டம்) அல்லது எம்.டி. ஃபேமிலி மெடிசின் படித்தவர், அதற்கு மேலும் மூன்று வருஷம் மெடிசின், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி என்று வார்டு வார்டாகப் பயிற்சி எடுத்தவர். வெறும் 'எம்.டி.' என்று பார்த்து ஏமாற வேண்டாம்; எம்.டி. ஜெனரல் மெடிசின் பெரியவர்களுக்கான தனித் துறை, பேரக்குழந்தையின் காய்ச்சலுக்கு அவர் ஆளில்லை.

உங்கள் பழைய டாக்டரின் லெட்டர்பேடையும் ஒருமுறை பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும்படி வேலூர் சி.எம்.சி. ஜி.பி.களுக்காகக் குடும்ப மருத்துவத்தில் தொலைநிலை டிப்ளமோ நடத்துகிறது. அதை அவர் முடித்திருக்கவும் கூடும்.

சரி, மாறலாமா? பட்டத்தை மட்டும் வைத்து நான் மாறச் சொல்ல மாட்டேன். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எலும்பு டாக்டர் எழுதியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, எதையும் விடாதீர்கள். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் பி.பி. ஏறும், சர்க்கரைக்காரர்களுக்குக் கிட்னியும் கெடலாம். பி.பி.க்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த அட்டையை எடுத்துப் பார்த்து, "இதை யாரம்மா கொடுத்தது, வாரத்துக்கு எத்தனை போடுறீங்க?" என்று கேட்கிற டாக்டரை விடாதீர்கள், அவர் எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும். வருஷத்துக்கு ஒருமுறையாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கண் விழித்திரைப் பரிசோதனை இவற்றை எழுதித் தருகிறாரா, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள்.

இதெல்லாம் நடந்தால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு "அதே மாத்திரை, ஒரு மாசம்" என்றால் புதியவரிடம் போங்கள், பழைய சீட்டுகளோடு. இருவரிடமும் மாறி மாறிக் காட்டுவது மட்டும் வேண்டாம். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வீட்டுக்கு வந்து, அம்மா இரண்டையும் விழுங்குவார்.