மருந்து நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவருக்கு என்ன வேலை?

"நியூராலஜி முடித்தவர் மருந்து நிறுவனத்தில் மெடிக்கல் டைரக்டராகப் போனால் என்ன செய்வார், படித்தது மறந்துபோகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டு வருடம் ஓபி பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். முதல் வாரம் ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் சுத்தியலை மேசை டிராயரில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

யாரை ட்ரயலில் (மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில்) சேர்க்கலாம், எதை அளந்து மருந்து பலித்ததாகச் சொல்லலாம் என்று முதல் நோயாளி வருவதற்கு முன்பே புரோட்டோகாலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எழுதிவைப்பதில் வேலை தொடங்குகிறது. ட்ரயல் ஓடும்போது பக்கவிளைவு அறிக்கைகள் நம்மிடம் வரும். மருந்தால் வந்திருக்கலாம் என்று தோன்றுகிற, எதிர்பாராத பக்கவிளைவில் உயிர் போனால் 7 நாளுக்குள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றபடி கூட்டங்கள், கூட்டங்கள்.

நரம்பியலில் பெரிய தலைவலி அளவுகோல்தான். ரத்த அழுத்த மாத்திரை என்றால் பட்டையைக் கட்டிப் பார்த்துவிடலாம். அல்சைமருக்கு நோயாளியையும் கூட இருப்பவரையும் கேட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். லெக்கனிமாப் என்ற அல்சைமர் மருந்தின் ட்ரயலில் 1,795 பேர். 18 மாத முடிவில், 18 மதிப்பெண் அளவுகோலில் பிளாசிபோவுக்கும் (ஒப்பிடக் கொடுக்கும் போலி மருந்து) மருந்துக்கும் வித்தியாசம் 0.45. புள்ளியியல்படி உண்மையான வித்தியாசம். ஆனால் அது வீட்டில் மனைவி கண்ணுக்குத் தெரியுமா? அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்கத்தான் டாக்டருக்குச் சம்பளம் என்பேன்.

இன்னொரு சிக்கல் உண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு பிளாசிபோ என்று நமக்கே தெரியக்கூடாது. ஆனால் இதே மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயில் மூளை வீக்கம் தெரிந்தது, பிளாசிபோவில் 1.7 தான். படத்தைப் பார்த்தவுடனே மனசு ஊகித்துவிடும். அதனால் எம்ஆர்ஐ பார்ப்பவர் வேறு, மதிப்பெண் போடுபவர் வேறு என்று முன்கூட்டியே பிரித்துவைக்க வேண்டும்.

பதவி உயர உயர, நிறுத்துவதா தொடர்வதா என்பதே முக்கால்வாசி வேலை. அடுகனுமாப் என்ற இன்னொரு அல்சைமர் மருந்தின் கதையைப் படியுங்கள். பலிக்காது என்று 2019 மார்ச்சில் இரண்டு ட்ரயல்களையும் அதன் நிறுவனமான பயோஜென் நிறுத்தியது. கூடுதல் தரவு வந்ததும் ஒன்றில் பலன் தெரிகிறது என்று அக்டோபரில் திரும்பி வந்தது; இன்னொன்றில் தெரியவில்லை. 2020 நவம்பரில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தும் 2021 ஜூனில் அனுமதி கிடைத்தது, குழுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். 2024 ஜனவரியில் நிறுவனமே மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ட்ரயல் முடியும் முன்பே போட்ட இடைக்கணிப்பை வைத்து அவசரப்பட்டு நிறுத்தியதும், பிறகு ஒரே ஒரு ட்ரயலைப் பிடித்துக்கொண்டதும் இரண்டுமே தப்பு என்பது என் கருத்து. அந்த மேசையில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, சத்தியமாகத் தெரியாது.

சரி, மறந்துபோகுமா? சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு கிளினிக்கில் உட்காருகிறேன். அங்கே வேறு சுத்தியல் வைத்திருக்கிறேன்.