கேட்டு வாங்குவோம்: பிள்ளைகள் பார்க்கும் நகைச்சுவைத் தொடர்கள்

என் மகளுக்கு எட்டு வயது. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தமிழில் பார்க்கிறாள். ‘யு/ஏ 7+’ என்று போட்டிருக்கிறது. ஆனால் இரண்டு வாரமாக அப்பத்தாவிடம் வெடுக்கென்று பேசுகிறாள். அந்த முத்திரையை நம்பலாமா? – ஒரு தாய், காரைக்குடி

முத்திரை பொய் சொல்லவில்லை அம்மா. ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடியில், அதாவது இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டும் தளங்களில், வரும் தொடர்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று அந்த நிறுவனங்களே வகை பிரித்துப் போட வேண்டும். அடிதடி, ஆபாசம், கெட்ட வார்த்தை, போதை, பயமுறுத்தும் காட்சி எவ்வளவு என்று பார்த்துப் போடுகிறார்கள். அப்பத்தாவை மட்டம் தட்டுவதற்கு அதில் தனிக் கணக்கு கிடையாது.

எனக்கு நெடுநாளாக ஆறாத குறை ஒன்று உண்டு. அந்தப் பின்னணிச் சிரிப்பு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒலிப் பொறியாளராக இருந்த சார்லி டக்ளஸ், 1950-களில் பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டியில் அடைத்தார். விசையை அழுத்தினால் வேண்டிய அளவு சிரிப்பு வரும். இன்றைக்கும் பல தொடர்களில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் சொல்லிக் கொடுக்கிறது.

போன கோடையில் வளவில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகுதியை முழுதாகப் பார்த்தேன். குண்டான பையன் ஒருவன் சாப்பாட்டுத் தட்டோடு வழுக்கி விழுந்தான். கொல்லென்று சிரிப்புச் சத்தம். பேரன் முதலில் சிரிக்கவில்லை. அந்தப் பையன் முகத்தைத்தான் பார்த்தான். சத்தம் கேட்ட பிறகுதான், என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் நீங்களும் ஒரு பகுதியைக் கூடவே உட்கார்ந்து பாருங்கள். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். குண்டுப் பையன், திக்குகிறவன், பெரியவர்கள் மேலேயே விழுந்தால் அந்தத் தொடர் வேண்டாம். தப்பு செய்தவள் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறாள், தோழி சண்டைக்குப் பிறகு திரும்பி வருகிறாள் என்றால் தாராளமாகப் பார்க்கட்டும். அப்படிப்பட்ட நல்ல தொடர்களும் இருக்கின்றன. அப்புறம், பாட்டியைக் கிண்டல் செய்யும் இடத்தில் நிறுத்தி, “அந்தப் பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று மகளிடம் கேளுங்கள்.

ஒரு தொடரின் அட்டைப் படத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இருந்தார்கள் என்று ஓடிடிக்கு வருஷச் சந்தா கட்டினேன். பார்த்தால் எல்லாம் காதல் சமாச்சாரம். பணம் திரும்ப வருமா? – புதுவயல்

பெரும்பாலும் வராது. கண்டாங்கிச் சேலை எடுக்கப் போனால் முந்தியை விரித்துப் பார்க்காமல் காசு கொடுப்பீர்களா? வயதும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நிகழ்ச்சியோடு சேர்த்துக் காட்டப்பட வேண்டும் என்பது விதி. அதைப் படிக்கவில்லை; பத்து நிமிடம் ஓட்டியும் பார்க்கவில்லை. இனியாவது 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டுப் போட்டு வையுங்கள். அந்த வசதியை அவர்கள் தந்தாக வேண்டும்.

பேத்திக்காக ‘ஒரு மாதம் இலவசம்’ என்று சேர்ந்தேன். மூன்று மாதமாகப் பணம் போகிறது. நிறுத்துவது எங்கே என்றே தெரியவில்லை. – 71 வயதுக்காரர், தேவகோட்டை

ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உள்ளே வர ஒரே தட்டு, வெளியே போக வழி தெரியாது என்று வைத்திருப்பது அவர்கள் குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை இணைய ஏமாற்றுகளைத் தடை செய்தது. சந்தாவிலிருந்து விலகும் வழியை மறைப்பது அதில் ஒன்று. இன்றைக்கே வங்கிக்குச் சொல்லி, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ஆட்டோ பே-யை ரத்து செய்யுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று பாருங்கள். பணம் போன பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

எனக்கும் இப்படி ஐந்து மாதப் பணம் போயிருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

தொடரில் வரும் கதாநாயகன் படம் போட்ட பள்ளிக்கூடப் பை கேட்டு மகன் அழுகிறான். வாங்கலாமா? – பள்ளத்தூர்

நான் வாங்கியதில் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே ஜிப் போய்விட்டது. காசு படத்துக்குத்தான். சாதாரணப் பையை வாங்குங்கள்.

பேத்திக்கு ஒன்றரை வயது. காமெடித் தொடர் போட்டால்தான் சாப்பிடுகிறாள். எந்தத் தொடர் நல்லது? – ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

எதுவும் வேண்டாம் ஆச்சி. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. கிண்ணத்தோடு முகப்புத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தெருவில் ஆடு போகும், காக்கை வரும். இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் சாப்பிடுவாள்.